அறிவை வினவாத பரீட்சை

1948 ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் ஐக்கிய அமெரிக்காவிலே புதியதொரு பரீட்சை நடைபெற்றது. சட்டக் கல்லூரிகளிற் சேர விரும்பியவர்கள் அதற்குத் தோற்றினர். பத்துப் பகுதிகளாக அமைந்த அப்பரீட்சை ஒரு நாள் முழுவதையும் விழுங்கிற்று. எழுதி முடித்து வெளியே வந்தவர்களிடம், எந்தப் பாடத்திற் கேட்டார்கள் என்று எவரேனும் வினவியிருப்பின் அவர்கள் விடை கூற இடர்ப்பட்டிருப்பர். சட்டத்தைக் கற்றிருந்தாலன்றி விடையளிக்க முடியாத கேள்வி ஒன்றும் அதில் இல்லை. வரலாறு இல்லை, இலத்தீன் இல்லை, மனனஞ் செய்து ஒப்புவிக்கத்தக்க எதுவும் இல்லை. ஒரு பந்தியை வாசித்து அதன் கருத்தைத் தெளிதல், ஒரு விதியைக் கொடுத்து அதனை ஒரு வழக்கிற் பொருத்திப் பார்த்தல், வடிவங்களை ஒப்புநோக்கி இனம் பிரித்தல் என்னும் இத்தகைய பயிற்சிகளே அதில் நிறைந்திருந்தன.

சட்டக் கல்லூரி அநுமதிப் பரீட்சை என்பது அதன் பெயர். அந்நாட்டு மாணாக்கர் அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டி 'எல்சாற்' என்று வழங்குவர். அறிவை வினவாது ஆற்றலை மாத்திரம் அளக்கும் பரீட்சை ஆதலின் அதற்கென எவரும் படித்து வரவேண்டியதில்லை என்பதே அதனைச் சமைத்தோரின் எண்ணமாயிருந்தது. முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னர் நோக்கினால், அமெரிக்காவில் மாணாக்கர் மிகுந்த பொருளையும் நேரத்தையும் செலவிட்டு ஆயத்தஞ் செய்யும் பரீட்சைகளுள் ஒன்றாக இதுவே விளங்குகின்றது. அந்த முரண்பாடு வளர்ந்த வரலாறு, பரீட்சைகளால் ஆளப்படும் எந்த நாட்டு மக்களும் அறிந்து கொள்ளத்தக்கது.

பழங்காலத்தில் அமெரிக்காவிலே சட்டம் பயில்வதற்குக் கல்லூரி வேண்டியிருக்கவில்லை. முதிர்ந்த வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் எழுத்துவேலை பார்த்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் அவருடைய நூல்களை எடுத்து வாசிப்பதே வழக்கம். 'சட்டம் வாசித்தல்' என்றே அதனைச் சொல்வர். ஆபிரகாம் லிங்கன் அவ்வாறு கூட ஓர் அலுவலகத்தில் அமர்ந்தவரல்லர். இரவல் வாங்கிய நூல்களைக் கொண்டு தாமே கற்று, 1836 ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்தில் வழக்குரைக்கும் உரிமை பெற்றார். கனெக்ரிகட் மாநிலத்தின் லிச்ஃபீல்ட் என்னும் சிற்றூரில் ரப்பிங் றீவ் என்பவர் 1784 ஆம் ஆண்டளவில் தம் இல்லத்தின் அருகே நடத்திய சட்டப் பள்ளி பேர்பெற்றது. எனினும் அதன் வாயிலிலும் பரீட்சை என்று ஒன்று நின்றதில்லை. கட்டணஞ் செலுத்த வல்லவர் உள்ளே சென்றனர். அவ்வளவே.

வாயிலிற் பரீட்சையை நிறுத்தியவர்களுள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர் கிறிஸ்ரோபர் கொலம்பஸ் லாங்டெல் ஆவார். 1870 ஆம் ஆண்டு ஹாவாட் சட்டக் கல்லூரியின் தலைவராகிய இவர், தீர்க்கப்பட்ட வழக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்து அவற்றினின்றும் சட்டத்தின் கோட்பாடுகளை மாணாக்கரே கண்டறியுமாறு கற்பிக்கும் முறையைத் தொடக்கி வைத்தவர். அம்முறைக்கு ஆயத்தமில்லாத மூளை பயன்படாது என்பது அவர் கொள்கை. ஆகவே 1875 ஆம் ஆண்டு முதல், பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர்கள் ஹாவாட்டிற் சேர வேண்டுமாயின் இலத்தீன் மொழியிலும், ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்ரனின் பெருநூலிலும் பரீட்சை எழுத வேண்டும் என்ற விதி பிறந்தது.

இந்தப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்வது எங்ஙனம் என்பதில் எவருக்கும் ஐயம் இருந்திருக்காது. இலத்தீன் கற்பிக்கும் நல்ல பள்ளியிற் படித்திருக்க வேண்டும். அல்லது ஓர் ஆசிரியரை வீட்டுக்கு வரவழைக்க வேண்டும். பண்ணையில் உழுதவனின் மகனுக்கு இரண்டும் அரியன. அறிவை வினவும் பரீட்சைக்கு இந்தக் குறை என்றும் உண்டு. அந்த அறிவு எங்கே விற்கப்படுகின்றது, என்ன விலைக்கு விற்கப்படுகின்றது என்பதையும் அது கூடவே வினவி விடுகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நிலைமை வேறொரு வகையாக மாறிற்று. பட்டம் பெற்றவர் எவரையும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வது. முதலாண்டு முடிவில் கடும்பரீட்சை வைத்துப் பெருந்தொகையினரை வெளியேற்றி விடுவது. ஹாவாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முதலாண்டோடு வீடு திரும்பினர். உன் இடப்பக்கம் இருப்பவனைப் பார், வலப்பக்கம் இருப்பவனைப் பார், மூவருள் ஒருவன் அடுத்த ஆண்டு இங்கே இருக்கமாட்டான் என்று விரிவுரையாளர் புதிய மாணாக்கரை வரவேற்பதாக ஒரு கதை பல கல்லூரிகளைப் பற்றியும் வழங்குகின்றது. இம்முறையில் ஒரு நேர்மை உண்டு. எவனும் தன்னைக் காட்டிக்கொள்ள ஓராண்டு பெற்றான். ஆனால் அந்த ஓராண்டுக்குரிய கட்டணத்தையும் உணவுச் செலவையும் கடன்பட்டுக் கொண்டுவந்தவனுக்கு, அந்த நேர்மை மிகவும் விலையுயர்ந்ததாயிற்று.

மாணாக்கர் தோற்றுப்போவதற்கு முன்னரே அதனை அறிந்து சொல்ல ஒரு வழி இல்லையா என்று கல்லூரிகள் எண்ணத் தொடங்கின. முதலாம் உலகப் போரிலே படைவீரரின் மதிநுட்பத்தை அளப்பதற்கு உளவியலாளர் கையாண்ட பரீட்சைகள் அவர்களுக்கு வழிகாட்டின. 1920களிலும் 1930களிலும் சட்டத்துக்குரிய ஆற்றலை அளக்கும் சிறு பரீட்சைகள் சிலவிடங்களில் முயன்று பார்க்கப்பட்டன. அவை ஆங்காங்கே நின்றுவிட்டன. நாடு தழுவிய பரீட்சை ஒன்று எழுவதற்கு இன்னொரு போர் வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், போரினின்றும் மீளும் வீரர்களுக்குக் கல்விச் செலவை அரசாங்கமே ஏற்கும் சட்டம் நிறைவேறியது. அதன் பயனாகக் கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் நாடி வந்தோர் ஏறத்தாழ 22 இலட்சம் பேர். பள்ளத்தை நோக்கிப் பாயும் வெள்ளம்போல் அவர்கள் வந்தனர். சட்டக் கல்லூரிகளுக்கு முதன்முறையாக, உள்ள இடங்களிலும் பன்மடங்கு விண்ணப்பங்கள் குவிந்தன. விண்ணப்பித்தவர்களோ பலதிறப்பட்டவர்கள். ஒருவர் பெயர்பெற்ற கல்லூரியிற் படித்தவர்; இன்னொருவர் எவரும் கேள்விப்படாத ஊர்க் கல்லூரியிற் படித்து, இடையிலே மூன்றாண்டு கப்பற்படையிற் பணி புரிந்தவர். இருவருடைய புள்ளிகளையும் ஒரே தராசில் நிறுப்பது எவ்வாறு?

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் அநுமதிப் பொறுப்பை வகித்த பிராங்க் பௌல்ஸ் என்பவர், அப்போது கையாளப்பட்ட பரீட்சையிலும் நம்பத்தக்க ஒன்று கிடைக்குமா என்று 1945 ஆம் ஆண்டில் வினவினார். ஹாவாட்டும் யேலும் அம்முயற்சியிற் சேர்ந்தன. நியூயோர்க் பல்கலைக்கழகம் இத்தகைய பரீட்சையிலே தனக்கு நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தது. ஆயினும் முயன்று பார்க்க இசைந்தது. நோக்கத்தையும் அவர்கள் தெளிவாக வரையறுத்தனர். நல்ல வழக்கறிஞராக வரக்கூடியவர் யார் என்று இப்பரீட்சை சொல்ல வேண்டியதில்லை. முதலாண்டில் நல்ல புள்ளி பெறக்கூடியவர் யார் என்று சொன்னாற் போதும். இந்தச் சிறிய நோக்கத்தைப் பின்வந்தோர் பலர் மறந்தமையே பிற்காலப் பூசல்கள் பலவற்றுக்குக் காரணமாயிற்று.

1947 ஆம் ஆண்டு நவம்பர் 10 ஆந் திகதி கூடிய கூட்டத்தில் ஒரு வினா எழுந்தது. தொழில்நுட்பமே கற்று, வரலாறும் இலக்கியமும் அறியாமல் வருகின்ற மாணாக்கரை இனங்காணும் பொருட்டு அப்பாடங்களிலும் சில வினாக்கள் சேர்க்கலாமா என்பதே அது. ஆராய்ந்தனர்; பின்னர் கைவிட்டனர். அறிவை வினவுவதில்லை என்ற முடிவு அதனால் உறுதிப்பட்டது. பெருங்கல்லூரிகளின் பிரதிநிதிகள் கூடியிருந்த அவையில், பெருங்கல்லூரிகளில் மட்டும் நன்கு கற்பிக்கப்பட்ட பாடங்களை விலக்கி வைத்தமை பாராட்டத்தக்க செயலே. அவ்வாண்டின் இறுதியிற் பிறின்ஸ்ரன் நகரில் நிறுவப்பெற்ற கல்விப் பரீட்சைச் சேவை என்னும் நிறுவனம் வினாத்தாள் சமைக்கும் பொறுப்பை ஏற்றது. மூன்று திங்களுள் முதற் பரீட்சையும் நடந்தேறியது. 200 முதல் 800 வரையான அளவுகோலிற் புள்ளிகள் வழங்கப்பட்டன.

அதே காலத்தில், பரீட்சை எதுவாயினும் கடக்க முடியாத வாயில்களும் அந்நாட்டில் இருந்தன என்பதை மறத்தல் ஆகாது. ஹீமன் சுவெற் என்னும் கறுப்பினத்தவர் ரெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்ரன் நகரிலே தபால் ஊழியராயிருந்தார். 1946 ஆம் ஆண்டில் அவர் ரெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். தகுதியில் அவருக்குக் குறை காணப்படவில்லை, நிறமே குறையாயிற்று. அவருக்காகத் தனியே ஒரு சட்டக் கல்லூரியை அமைத்துத் தருவதாக மாநில அரசு சொல்லி, ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறைகளிற் சில ஆசிரியர்களோடு அதனைத் தொடக்கியும் வைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சுவெற்றுக்காக வாதிட்டவர் தேர்கூட் மார்ஷல். தம் சொந்த மாநிலமாகிய மேரிலாந்தின் சட்டக் கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்க்காமையால் வேறிடஞ் சென்று கற்றவர். பின்னாளில் அவ்வுச்ச நீதிமன்றத்துக்கே நீதியரசராக வந்தவர். 1950 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நீதிமன்றம் ஒருமனதாகச் சுவெற்றின் பக்கம் தீர்த்தது. பெண்களுக்கு ஹாவாட் சட்டக் கல்லூரி முதன்முறையாக இடமளித்ததும் அதே 1950 ஆம் ஆண்டிலே தான். இவ்வாயில்கள் திறந்த பின்னரே, பரீட்சை என்னும் வாயில் தனித்து நின்று எல்லோர் கண்ணுக்கும் புலனாயிற்று.

முதல் இருபது ஆண்டுகளில் ஆயத்தம் என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. பரீட்சை நிறுவனம் அனுப்பும் சிறு கைந்நூலில் மாதிரி வினாக்கள் சில இருக்கும். அவற்றை வாசித்தால் வினாவின் அமைப்புப் பழக்கமாகும். அதற்கு மேலே முயல்வது வீண் என்பதே அதிகாரபூர்வமான கருத்து. விண்ணப்பதாரர் தொகை அளவாயிருந்த வரையிற் பலர் அதனை நம்பினர். 1960களின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. சட்டத்தின் வாயிலாகச் சமுதாயத்தை மாற்றலாம் என்ற ஆர்வம் இளைஞரிடையே பரவியது. பெண்களும் பெருந்தொகையாக வந்தனர். சியாற்றில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1971 ஆம் ஆண்டு அதன் சட்டக் கல்லூரியில் இருந்தவை ஏறத்தாழ 150 இடங்கள். வந்த விண்ணப்பங்கள் 1601.

அவற்றுள் ஒன்று மார்க்கோ டிபூனிஸ் என்பவருடையது. அவர் பட்டப் படிப்பிற் சிறந்த புள்ளி பெற்றவர். எல்சாற் பரீட்சைக்கு மும்முறை தோற்றினார். முதன்முறை 512, அடுத்து 566, மூன்றாம் முறை 668. கல்லூரி மூன்றையும் கூட்டிச் சராசரி கண்டு 582 என்று கொண்டது. அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. சிறுபான்மை இனத்தவர் சிலர் தம்மிலும் குறைந்த கணிப்போடு சேர்க்கப்பட்டனர் என்று கூறி அவர் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்தின் கட்டளையால் அவர் கல்லூரியிற் சேர்ந்து படித்துக்கொண்டே வழக்கை நடத்தினார். 1974 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தபோது அவர் இறுதித் தவணையில் இருந்தார். இனித் தீர்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று பெரும்பான்மை நீதியரசர்கள் ஒதுங்கிக் கொண்டனர்.

சட்ட அறிஞர்கள் அவ்வழக்கை இனவேறுபாடு பற்றிய வழக்காகவே நினைவு கூர்வர். பரீட்சையின் வரலாற்றை ஆராய்பவர் கவனிக்க வேண்டியது அந்த மூன்று எண்களை. ஒரே மனிதர், ஒரே ஆற்றல். ஆயினும் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே 156 புள்ளிகள். பிறவியோடு வந்த மாறாத ஆற்றலையே இது அளக்கின்றது என்று அதன் பின்னர் எவரேனும் சொன்னால், கேட்பவர் புன்முறுவல் செய்யாதிருத்தல் கடினம்.

அந்த வழக்கிலே நீதியரசர் வில்லியம் டக்ளஸ் தனித்து ஒரு மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். பரீட்சையைப் பற்றி உச்ச நீதிமன்றத்தில் எழுதப்பட்டவற்றுள் அது மிகவும் கூர்மையானது. வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா என்னும் ஊரில் வறுமையில் வளர்ந்து, 1922 ஆம் ஆண்டில் கொலம்பியாச் சட்டக் கல்லூரியை அடைந்தவர் அவர். அவர் காலத்தில் எல்சாற் இல்லை. இப்பரீட்சை ஒருவர் வளர்ந்த பண்பாட்டுச் சூழலைத் தொட்டே வினவுகின்றது. ஆதலின் சிறுபான்மை மாணாக்கரின் ஆற்றலை வேறு வழிகளாற் கல்லூரி தனியே ஆராய்தல் தகும் என்பது அவர் கருத்து. ஆனால் இனத்தை மாத்திரம் அளவையாகக் கொள்வதையும் அவர் ஏற்றவரல்லர். தெளிவான விடையில்லாத வினாவைத் தெளிவில்லாத நிலையிலேயே விட்டுச்செல்லும் துணிவு அவருக்கு இருந்தது.

இதற்கிடையில் நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதியில் வேறொரு வகையான விடை உருவாகிக் கொண்டிருந்தது. குழாய் பொருத்தும் தொழிலாளி ஒருவரின் மகனாகிய ஸ்ரான்லி கப்லன், 1938 ஆம் ஆண்டில் தம் பெற்றோர் வீட்டின் கீழறையில் மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். 1940களின் நடுவிற் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சைக்கு வகுப்பு வைத்தார். பயிற்சியாற் பயனில்லை என்று பரீட்சை நிறுவனம் சொல்லிக்கொண்டே இருந்தது. அவருடைய வகுப்புக்கோ மாணாக்கர் வந்துகொண்டே இருந்தனர். 1970களில் அவ்வகுப்புகள் பல நகரங்களுக்கும் சட்டம், மருத்துவம் ஆகியவற்றுக்குரிய பரீட்சைகளுக்கும் பரவின. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ரியூற்றரிகளைக் கண்டவர்களுக்கு இந்த வளர்ச்சி விளங்காத புதிரன்று.

இருதிறத்தாரில் யார் சொல்வது உண்மை என்பதைக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு ஆராய்ந்தது. பயிற்சி வகுப்பினர் பொய்யான விளம்பரஞ் செய்கின்றனரோ என்ற ஐயமே அவ்வாராய்ச்சிக்கு முதற்காரணம். ஆனால் 1979 ஆம் ஆண்டு வெளிவந்த அறிக்கை, பயிற்சியினாற் சில மாணாக்கரின் புள்ளிகள் உயரக்கூடும் என்றே கண்டது. ஐயத்துக்கு உள்ளானவர் கப்லன். அறிக்கையாற் சங்கடப்பட்டவர்களோ பரீட்சை நிறுவனத்தார்.

அதே 1979 ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. பரீட்சை முடிந்து புள்ளிகள் வழங்கப்பட்ட பின்னர், வினாத்தாளையும் சரியான விடைகளையும் மாணாக்கருக்குக் கொடுத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அதுகாறும் வினாத்தாள்கள் பூட்டி வைக்கப்பட்ட இரகசியங்கள். பரீட்சை நடத்துவோர் கடுமையாக எதிர்த்தனர். ஒவ்வொரு முறையும் புதிய வினாக்கள் ஆக்குவதற்குச் செலவு மிகும் என்றனர். மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் நீதிமன்றஞ் சென்று தன் பரீட்சைக்குத் தடையுத்தரவும் பெற்றது. எல்சாற் பரீட்சை தப்பவில்லை. 1980 முதல் அதன் வினாத்தாள்கள் வெளிவரலாயின. பின்னர் சட்டக் கல்லூரி அநுமதி மன்றம் தானே பழைய வினாத்தாள்களைத் தொகுத்து விற்கத் தொடங்கிற்று.

ஆயத்தத்தின் வரலாற்றில் இதனைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை எனலாம். ஓர் ஆசிரியரிடஞ் செல்லும் வசதியில்லாதவனும் உண்மையான வினாத்தாளை மேசைமீது விரித்து, கடிகாரத்தைப் பார்த்து எழுதி, தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் நிலை அன்று தான் பிறந்தது. வகுப்புகள் பல செய்யாத நன்மையை அச்சிட்ட அந்தப் பழைய தாள்கள் செய்தன.

1982 ஆம் ஆண்டிலும் 1991 ஆம் ஆண்டிலும் பரீட்சை திருத்தி அமைக்கப்பட்டது. 1991 முதல் புள்ளிகள் 120 இலிருந்து 180 வரை. தருக்க நியாயம், வாசித்தறிதல், பகுத்தாய்வு என மூவகைப் பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் 35 நிமிடம். தருக்க நியாயம் என்பது ஒரு சிறிய வாதத்தைக் கொடுத்து அதன் ஓட்டையைக் காணச் சொல்வது. ஒரு நகரத்திலே வீதி விளக்குகள் இட்ட பின்னர் களவு குறைந்தது, ஆகவே விளக்கே காரணம் என்று ஒருவர் வாதிப்பதாகக் கொள்வோம். விளக்கிடாத அயல் நகரத்திலும் களவு அதே அளவு குறைந்ததெனின் அவ்வாதம் தளர்ந்து போகின்றது. சட்டத்தரணியின் அன்றாட வேலை இதுவே.

பகுத்தாய்வுப் பகுதி தான் மாணாக்கரின் உறக்கத்தைக் கெடுத்தது. 'விளையாட்டுகள்' என்று அவர்கள் அதற்குப் பட்டப்பெயர் சூட்டியிருந்தனர். அதன் போக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆறு சாட்சிகள் மூன்று நாட்களில், நாளுக்கு இருவராக விசாரிக்கப்படுவர். முதற் சாட்சி இரண்டாம் சாட்சிக்கு முந்திய ஒரு நாளில் வரவேண்டும். மூன்றாமவரும் நான்காமவரும் ஒரே நாளில் வரவேண்டும். ஐந்தாமவர் முதல் நாளில் வருதல் ஆகாது. நான்காமவர் இரண்டாம் நாளில் வந்தால் மூன்றாம் நாளில் வருபவர் யாவர்? சற்று நிதானித்தால் விடை புலப்படும்: இரண்டாம் நாள் நிரம்பிவிட்டது, முதற் சாட்சி முதல் நாளிலும் இரண்டாம் சாட்சி இறுதி நாளிலும் வந்தே ஆகவேண்டும், ஐந்தாமவருக்கும் இறுதி நாளே எஞ்சுகின்றது. ஆனால் பரீட்சையில் நிதானிக்க இடமில்லை. இத்தகைய புதிர்கள் நான்கு, அவற்றைச் சார்ந்த இருபதுக்கு மேற்பட்ட வினாக்கள், எல்லாவற்றுக்குமாக 35 நிமிடம்.

முதன்முறை காண்பவர் திகைப்பர். ஒரு கட்டம் வரைந்து, சாட்சிகளுக்கு எழுத்துக்களை இட்டு, விதிகளைக் குறியீடுகளாக மாற்றப் பழகியவர் விரைந்து முடிப்பர். பரீட்சை முழுவதிலும் பயிற்சிக்கு மிக எளிதில் வசப்பட்ட பகுதி இதுவே. ஆகவே பயிற்சித் தொழில் இதனைச் சுற்றியே கொழுத்தது. வரைபட முறைகளை விளக்கும் தடித்த நூல்கள் அச்சாயின. வேலையை விட்டு மாதக்கணக்காக ஆயத்தஞ் செய்ய இயன்றவர் அவற்றிற் சிறந்தனர். பகலில் உழைத்து இரவிற் படித்தவருக்கு அந்நேரம் கிட்டவில்லை. 1947 ஆம் ஆண்டிலே பெருங்கல்லூரியின் இலத்தீனையும் வரலாற்றையும் வெளியே நிறுத்தியவர்கள், காலத்தையும் பொருளையும் வெளியே நிறுத்தும் வழியை அறிந்திலர். 2018 ஆம் ஆண்டில் அநுமதி மன்றம் கான் அக்கடமி என்னும் இலவசக் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து, இணையவழியிற் கட்டணமில்லாப் பயிற்சியைத் தொடக்கியமை அக்குறையைச் சிறிது தணித்தது. காலத்தை எவரும் இலவசமாக வழங்க இயலவில்லை.

'விளையாட்டுகளை' வீழ்த்தியவர்கள் ஏழைகளல்லர்; பார்வையற்றவர்கள். மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த பார்வையற்ற ஒருவர், கட்டமும் படமும் வரைந்து விடை காண வேண்டிய பகுதி தம் போன்றோருக்கு அநீதி இழைக்கின்றது என்று நீதிமன்றஞ் சென்றார். 2011 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கத்தின் மீது தொடுத்த வழக்கில் அவர் வெல்லவில்லை. பின்னர் அநுமதி மன்றத்தின் மீதே வழக்குத் தொடுத்தார். 2019 ஆம் ஆண்டு அக்டோபரில் இருதிறத்தாரும் இணங்கினர். பகுத்தாய்வை வேறுவகையில் அளக்கும் வழியை நான்காண்டுக்குள் ஆராய்வதாக மன்றம் ஒப்புக்கொண்டது. பரீட்சையின் நீதியைப் பற்றி நீதியரசரும் பேராசிரியரும் பல பத்தாண்டுகளாக வாதிட்டதை விட, ஒரு தாளும் பென்சிலும் தமக்குப் பயன்படா என்று ஒருவர் எடுத்துக்காட்டிய சிறிய உண்மை விரைவாகக் காரியத்தை முடித்தது.

பரீட்சையே வேண்டுமா என்ற பெரிய வினாவும் உடன் எழுந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் 161 புள்ளி பெற்றும் இடம் மறுக்கப்பட்ட ஒரு பெண்மணியின் வழக்கில், மாணாக்கரைத் தெரியும்போது இனத்தையும் ஒரு கூறாகக் கருதலாம் என 2003 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்திருந்தது. 2023 ஆம் ஆண்டு யூன் 29 ஆந் திகதி அதே நீதிமன்றம், வேறொரு வழக்கில், அவ்வழியை அடைத்துவிட்டது. அதற்குச் சில திங்களுக்கு முன்னர், 2022 நவம்பரில், சட்டக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் அவை, நுழைவுப் பரீட்சையைக் கட்டாயமாக்கும் விதியை நீக்க வாக்களித்திருந்தது. பரீட்சை நீங்கினாற் சிறுபான்மை மாணாக்கருக்கு வழி பிறக்கும் என்று ஒரு சாரார் வாதிட்டனர். சட்டக் கல்லூரித் தலைவர்கள் ஏறத்தாழ 60 பேர் அதற்கு நேர்மாறாக எழுதினர். பரீட்சைப் புள்ளி இல்லையேல் மாணாக்கன் படித்த கல்லூரியின் பெயரும், பரிந்துரைக்கும் பெரியோரின் பெயருமே பேசத் தொடங்கும் என்ற அச்சம் இவ்வாதத்தின் பின்னே நின்றது. 1945 ஆம் ஆண்டில் பௌல்ஸ் கண்ட சங்கடமும் இதுவே அன்றோ! 2023 பெப்ரவரியிற் சட்டத்தரணிகள் சங்கத்தின் பேராளர் சபை அம்மாற்றத்தை நிராகரித்தது. விதி நின்றது.

2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதப் பரீட்சை முதல் பகுத்தாய்வுப் பகுதி நீக்கப்பட்டது. புள்ளியிடப்படுபவை இப்போது தருக்க நியாயம் இரண்டும் வாசித்தறிதல் ஒன்றும். எதிர்காலத்துக்கான வினாக்களைச் சோதித்துப் பார்க்கும் புள்ளியிடப்படாத பகுதி ஒன்றும் அவற்றோடு கலந்து வரும். அவ்வாண்டு யூன் மாதம் வரை புதிர்களுக்குக் கட்டம் வரைந்து பழகியவர்களுள், அப்போது தோற்றாதவர்கள் தம் குறிப்பேடுகளை மூடி வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினர். பயிற்சி நிலையங்களும் புதிய விளம்பரங்களை வெளியிட்டன. வாசித்தறிதலை விரைவிற் கற்பிக்க வல்லோம் என்பது அவ்விளம்பரங்களின் பொருள்.